பெட்டிக்குள் ஓர் இடி

"கடைக்குள்ள கால் வெச்சா ஒடிச்சிருவேன்," என்றார் கரண்டு.

நான் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டிருந்தேன். இன்னொன்றை வாசற்படியிலேயே நிறுத்திக்கொண்டேன். ஒடித்தாலும் கைவசம் ஒன்று இருக்கட்டுமே.

என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு மேஜர் உள்ளே போனார். மேஜர் என்றதும் மீசையும் துப்பாக்கியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் துப்பறியக் கிளம்பிவிட்டார். எதிரில் யார் நின்றாலும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்க்கிற அதே பார்வைதான். அதனால் அந்தப் பட்டம். நான் அவருடைய உதவியாளன். என்னை வாயாடி என்று கூப்பிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

கரண்டு பழைய ஆம்ப்ளிஃபயர், ரேடியோ, மைக் எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஊரே சொல்லும். மெஷினை அல்ல, அவரை. வால்வு என்கிற கண்ணாடிக் குழல் வைத்த பழைய சாமான்களில் கை வைக்க வேறு ஆள் கிடையாது என்பதால் திட்டு வாங்கிக்கொண்டாவது எல்லோரும் இங்கேதான் வருவார்கள். நீளமான ஒரே அறை. சுவர் முழுக்கத் தகர அலமாரி, அலமாரி முழுக்க பிஸ்கட் டப்பா, டப்பா முழுக்க ஸ்க்ரூ. ஈயம் உருகிய வாசனை. நடுவில் கனத்த மர மேஜை ஒன்று. நான் அதில் கையை ஊன்றியதுதான் தாமதம், பாய்ந்தார்.

"அதுல சாயாதே. ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பத்தான் ஆட்டம் நின்னிருக்கு."

ஆட்டம் நின்றது மேஜைக்கா உங்களுக்கா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. மேஜரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மேஜை மேல் எங்கள் வழக்கு உட்கார்ந்திருந்தது. நைந்த துணி ஒட்டிய மரப் பெட்டி. முன்னால் மூன்று குமிழ், மேலே தோல் கைப்பிடி. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது. கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டினால், வாசிக்கிறது பெரிய மண்டபத்துக்குள் வாசிக்கிற மாதிரி எதிரொலிக்கும். ரிவெர்ப் பெட்டி என்பார்கள். இதன் சொந்தக்காரர் ஒரு கிட்டார்காரர். போன வாரம் ஒத்திகை ஹாலில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் இந்தப் பெட்டி குப்புறக் கிடந்தது.

போலீஸ் சொல்லும் கதை இது. அன்று மாலை ஹாலில் கிட்டார்காரரும் குழுவின் மேனேஜரும் இருந்தார்கள். சாமான்களை வேனில் கொண்டுவந்து இறக்கியவன் கிட்டார்காரரின் மனைவியுடைய தம்பி. மாமாவோடு வாய்த்தகராறாகி அவன் வெளியே போய்விட்டான். அப்புறம் கிட்டார்காரர், "எங்கடா போய்த் தொலைஞ்சே" என்று கத்தியது கேட்டில் இருந்த வாட்ச்மேன் காதில் விழுந்தது. கொஞ்சம் கழித்து மேனேஜர் வெளியே வந்தார். கிட்டார்காரர் கோபத்தில் இருக்கிறார், உள்ளே போய் வாங்கிக் கட்டிக்கொள்ளாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, ஒரு பாராட்டு விழாவுக்குப் போய் மேடையில் உட்கார்ந்துகொண்டார். அவர் போன பிறகுதான் கிட்டார் சத்தம் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலியோடு அருமையாக இருந்தது என்கிறார் வாட்ச்மேன். திடீரென்று ஓர் இடி. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அதோடு கிட்டாரும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் தம்பி, பின்கதவைத் திறந்து பார்த்தேன், மாமா கிடக்கிறார் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

இந்த மாதிரிப் பெட்டியைக் கீழே போட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் உதறி, ஆம்ப்பில் இடியாக வெடிக்கும். ஆகவே இடி கேட்ட நேரம்தான் கொலை நேரம். அப்போது மேனேஜர் மேடையில், ஊர் முன்னால். தம்பி எங்கே இருந்தான் என்பதற்கு அவன் வேனைத் தவிர சாட்சி இல்லை. பின்கதவுச் சாவியும் அவனிடம்தான். பெட்டி இடி இடிக்கும் என்று கரண்டு கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் காவல் முடிந்து இன்று சாயங்காலம் பையனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

எங்களை அமர்த்தியது இறந்தவரின் மனைவி, அவன் அக்கா. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்து உட்கார்ந்து, ஒரே விஷயம்தான் சொன்னாள். "அவன் செய்யலைன்னா வெளிய கொண்டு வாங்க. அவன்தான்னா அதையும் என்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. அப்புறம் எனக்குத் தம்பின்னு யாரும் இல்லை."

"இடி வருதான்னு காட்டுங்க," என்றார் மேஜர்.

கரண்டு பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டார். ஆம்ப் உறுமி, அலமாரி டப்பாக்களெல்லாம் கிடுகிடுத்து, நான் மேஜருக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"கேட்டாச்சுல்ல? நடையைக் கட்டுங்க."

மேஜர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார். அதை உங்களுக்குச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது என்றார் கரண்டு. புரியாமல் போகமாட்டேன் என்றார் மேஜர். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டதில் ஈயப் பற்றவைப்புக் கோல் தானாகவே சூடாகியிருக்கும். கடைசியில் தோற்றது கரண்டுதான். பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார்.

உள்ளே ஒரு தகரத் தட்டு. அதில் இரண்டு நீள ஸ்பிரிங், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்து மாட்டியிருந்தது. கிட்டார் சத்தம் மின்சாரமாக வந்து இந்த முனையில் இருக்கிற சுருளை ஆட்டும். அந்த ஆட்டம் ஸ்பிரிங் வழியாக ஓடி, அந்த முனையில் முட்டி, திரும்பி வந்து, மறுபடி ஓடும். அங்கே இருக்கிற இன்னொரு சுருள் அந்த ஆட்டத்தைத் திரும்பவும் சத்தமாக்கும். போய்ப் போய் வருகிற அந்த ஆட்டம்தான் எதிரொலி. பெட்டியை இடித்தால் ஸ்பிரிங் மொத்தமாகக் குதிக்கும், அதுதான் இடி. இவ்வளவையும் அவர் சொன்னது எங்களுக்கு அறிவு என்று ஒன்று உண்டா என்ற கேள்வியோடு சேர்த்துத்தான்.

"ஸ்பிரிங்கைப் பிடிச்சிக்கிட்டா?" என்றார் மேஜர்.

"பிடிச்சிக்கிட்டா ஒண்ணும் வராது. வெறும் கிட்டார் மட்டும் வரும். மணியைக் கையால பிடிச்சிக்கிட்டு அடிச்சுப் பாருங்க, தெரியும்."

மேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பரீட்சைப் பேப்பரில் ஏதோ காப்பி அடித்த வாடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"போலீஸ் உங்ககிட்ட சரியா என்ன கேட்டாங்க?"

"பெட்டி விழுந்தா இடி வருமான்னு கேட்டாங்க."

"கொண்டு வந்தப்ப வந்துச்சா?"

"வரலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வர வெச்சேன். ஒரு வால்வு உடைஞ்சிருந்துச்சு, மாத்தினேன். ஒரு ஒயர் விட்டிருந்துச்சு, பத்த வெச்சேன். உள்ளே துடைச்சுச் சுத்தம் பண்ணேன். தட்டினேன், இடிச்சுது. வரும்னு எழுதிக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை செய்கிறதா என்று கேட்டால், வேலை செய்ய வைத்துவிட்டு, செய்கிறது என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். அதில் என்ன தப்பு என்பது கடைசிவரை அவருக்குப் புரியவே இல்லை. அவர் மேஜைக்கு வந்த சாமான் வேலை செய்யாமல் திரும்பிப் போனதே கிடையாதாம். போலீசுக்காக அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்வாரா என்ன?

நான் வெளியே வந்து இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டேன். அவர் எங்களை எப்போதுமே காலில் குத்திய முள்ளாகத்தான் நினைப்பார். விழுந்ததில் உடைந்திருக்கும், உடைந்ததை ரிப்பேர் செய்தால் முன்பு இருந்த மாதிரி ஆகும், இதில் துப்பறிய என்ன இருக்கிறது, உங்க மேடத்தை வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கச் சொல்லு என்றார். கடைசி வரியை மட்டும் நான் மேஜரிடம் சொல்லவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

உள்ளே மேஜர் ஹேர்பின்னால் ஸ்பிரிங்கின் நடுவே நோண்டிக்கொண்டிருந்தார். முனையில் கடுகளவு ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல நீல நிறம்.

"இது என்ன?"

"அழுக்கு."

"அழுக்கு நீலமாவா இருக்கும்? சுத்தம் பண்ணேன்னீங்களே, என்ன எடுத்தீங்க உள்ளேர்ந்து?"

அவ்வளவுதான், கரண்டு எகிறிவிட்டார். எதை எடுத்தேன், எதைப் போட்டேன் என்று யாருக்கும் நான் கணக்குச் சொன்னதில்லை. இது என்ன கடையா, பள்ளிக்கூடமா. கிளம்புங்கள் என்று ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தார். என் இரண்டு கால்களும் எனக்கு முன்னால் தெருவில் இருந்தன.

*

ஸ்டேஷன் வராந்தாவில் அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பியை அடைத்திருந்த அறைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அவன் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஜர் பக்கத்தில் உட்கார்ந்து புருஷனைப் பற்றி விசாரித்தார். வாசிப்பில் கெட்டி, வாயும் கெட்டி என்றாள். வலக்கை நகங்களை வாசிப்பதற்காக வளர்த்து வைத்திருந்தாராம். நகம் உடையும் என்று ஒரு தக்காளியைக்கூட நறுக்கிக் கொடுத்ததில்லை. கச்சேரி முடிவில் பெட்டியை ஓர் உதை விட்டு இடி முழக்கித்தான் முடிப்பார், ஜனம் எழுந்து நின்று கத்தும். அடுத்த மாதத்தோடு இந்தக் குழுவை விட்டு விலகப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேனேஜர் வீட்டு வாசலில் வந்து நின்று, நீ இல்லாவிட்டால் எனக்கு நாளைக்கு ஒரு மேடை உண்டா என்று கத்திவிட்டுப் போனாராம்.

இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிஷம்தான் தருவேன் என்று வாட்சைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தம்பி சுவரைப் பார்த்து நின்றான். ஆள் வாட்டசாட்டமாக இருந்தான், முகம் மட்டும் ஸ்கூலில் முழங்கால் போட்டவன் முகம். யார் வந்தாலும் நான் செய்யவில்லை என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லையாம்.

மேஜர் கொலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வேன்ல ஏத்தும்போது ரிவெர்ப் பெட்டிக்குள்ள என்னப்பா சொருகுவே? நீலமா இருக்குமே?"

அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. திரும்பாமல் நின்றான். இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் அவன் மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

ஒரு தடவை மேடு பள்ளத்தில் வேன் குதித்ததில் ஸ்பிரிங் அறுந்துபோய், எல்லோர் எதிரிலும் மாமாவிடம் அறை வாங்கினான். அன்றிலிருந்து வேனில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியின் அடித்தகட்டைத் திறந்து, ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றைச் செருகிவிடுவான். இறக்கியதும் திறந்து எடுத்துவிடுவான். இந்த வேலை அவனுக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்கு அந்தத் துண்டு இருப்பதே தெரியாது, அவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை.

"அன்னிக்கு எடுத்தியா?" என்றார் மேஜர்.

"எடுக்கலை." சுவரைப் பார்த்தே சொன்னான். "தண்டச்சோறுன்னாரு. உங்க அக்கா மூஞ்சிக்காகத்தான் உன்னை வெச்சிருக்கேன்னாரு. மேனேஜர் சிரிச்சாரு. எதிரொலி இல்லாம வாசிச்சுப் பாருய்யா, அப்பத் தெரியும் நான் யாருன்னு நெனச்சு, எடுக்காமலே போயிட்டேன்."

"இதை ஏன்டா இத்தனை நாளாச் சொல்லலை?" என்று இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார்.

"சொன்னா என்ன சொல்வீங்க? கோவத்துல இதைச் செஞ்சவன் அதையும் செஞ்சிருப்பான்னுதானே சொல்வீங்க?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "சொல்லுவோம்," என்றார் நேர்மையாக.

கதவருகே அக்கா வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் பாசம் என்று ஒன்றும் இல்லை. புருஷனின் கடைசி நாளில் இவன் இப்படி ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்கிற ஆத்திரம்தான் இருந்தது. அவனும் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரொலி வராததால்தான் கிட்டார்காரர் இவனைத் தேடிக் கத்தியிருக்கிறார். இவன் வரவில்லை என்றதும் அவரே திறந்து துண்டை எடுத்துவிட்டு வாசித்திருப்பார் என்றார். மேஜர் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பெட்டியைத் திறக்கிற ஸ்க்ரூடிரைவர் எங்கே? இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று முகம் மாறியது. இவனைப் பிடித்தபோது இவன் பேண்ட் பையிலிருந்து அவரே எடுத்து உறையில் போட்டது அது.

"அந்த நகத்தை வெச்சிக்கிட்டு அவர் ஸ்க்ரூ கழட்டியிருப்பாரா?" என்று நான் கேட்டேன்.

"மாட்டார்," என்றாள் அக்கா. எங்களிடம் அல்ல, சுவரிடம் சொல்கிற மாதிரி.

"இது எல்லாம் இவன் வாய்வார்த்தை," என்றார் இன்ஸ்பெக்டர். "துண்டு எங்கே? துண்டைக் காட்டுங்க, நம்பறேன்."

*

ஜீப்பில் ஐந்து பேர் மாதிரி இடித்துக்கொண்டு நாலு பேர் போனோம். இன்ஸ்பெக்டர் வழியெல்லாம் என்னைத்தான் முறைத்தார். மேஜரை முறைக்க அவருக்கும் தைரியம் இல்லை.

கரண்டு கடை வாசலில் ஒரு புது வேன் நின்றது. உள்ளே மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் நாடாவில் தொங்குகிற குட்டி ரெக்கார்டர். ஒவ்வொரு கச்சேரியையும் அதில் பதிவு செய்வது அவர் வழக்கம். அஞ்சலிக் கச்சேரி வைக்கப் போகிறாராம், புது ஆள் வாசிக்க இந்தப் பெட்டி வேண்டுமாம். போலீஸ் சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்று கரண்டு அவரையும் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வகையில் அவர் எல்லோரையும் சமமாக நடத்துகிறவர்.

அக்காவைப் பார்த்ததும் மேனேஜர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"பெட்டியைத் திறந்தப்ப உள்ள ரப்பர் துண்டு ஒண்ணு இருந்துச்சா, இல்லையா?" என்றார் மேஜர்.

இந்தத் தடவை பக்கத்தில் காக்கி நின்றதால் கரண்டு ஷட்டர் கொக்கியைத் தொடவில்லை. இருந்தது, ஸ்பிரிங்குக்கு அடியில் யாரோ எதையோ திணித்து வைத்திருந்தான், பிடுங்கினேன் என்றார். எங்கே போட்டார் என்று கேட்டால், குப்பையை எங்கே போடுவார்கள் என்றார். கடைக்கு வெளியே குப்பைக்கூடை காலியாக இருந்தது. காலையில்தான் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். மேனேஜர் மெதுவாக மூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர், "அப்ப சரி, நான் கோர்ட்டுக்குக் கிளம்பணும்," என்றார்.

களைத்துப்போய் மேஜையில் கையை ஊன்றினேன்.

"அதுல சாயாதேன்னு எத்தனை வாட்டிச் சொல்றது?" என்றார் கரண்டு.

சாய்ந்தேன். நன்றாக, முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தேன். மேஜை அசையவில்லை. இத்தனை ஸ்க்ரூவைச் சேர்த்து வைத்திருக்கிறவர் ஒரு ரப்பர் துண்டைக் குப்பையில் போடுவாரா? நான் தரையில் மண்டியிட்டுக் குனிந்தேன். பின்னங்காலுக்கு அடியில், தூசியே படியாத நீல நிறம்.

"மேஜர், ஆட்டம் ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சிருச்சு."

"அட, ஆமா," என்றார் கரண்டு. "கனம் சரியா இருந்துச்சு, வெச்சேன். மறந்தே போச்சு."

கனத்த மேஜையை இன்ஸ்பெக்டரே தூக்கிப் பிடித்தார். துண்டை உருவினேன். ஒரு பக்கம் மேஜைக்கால் அழுத்திய தடம். மறுபக்கம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரி, நெருக்க நெருக்கமாகப் பல் பதிந்த மாதிரி. மேஜர் அதைத் தட்டில் ஸ்பிரிங்குக்கு அடியில் செருகினார். இரண்டு வரியிலும் இரண்டு ஸ்பிரிங்கும் கனகச்சிதமாக உட்கார்ந்தன.

ரப்பர் துண்டு யார் வீட்டில் இல்லை, இது அவன் வைத்ததுதான் என்று எப்படிச் சொல்வது என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். அக்கா கையை நீட்டி அதை வாங்கினாள். ஓரத்தில் ஒரு மூலையில் கறுப்பு நூலால் தைத்த தையல் இருந்தது.

"இது என் செருப்பு," என்றாள். "வார் அறுந்து நானே தெச்சேன். ஒத்தைச் செருப்பைக் காணோம்னு வீட்டையே புரட்டினேன். அவனும் கூடச் சேர்ந்து தேடினான், திருட்டுப்பய. இன்னொண்ணு வீட்லதான் இருக்கு."

மேஜர் பெட்டியை மூடச் சொன்னார். துண்டு உள்ளே இருக்க, ஆம்ப்பைப் போட்டுப் பெட்டியை ஓங்கித் தட்டினார். தொப் என்றது. மறுபடி தட்டினார். தொப். கரண்டு ஒரு பழைய கிட்டாரை எடுத்து மீட்டினார். வறட்டுச் சத்தம், எதிரொலி மருந்துக்கும் இல்லை.

"கொலை நடந்த நாள் முழுக்க இந்தப் பெட்டி இப்படித்தான் இருந்துச்சு," என்றார் மேஜர். "எதிரொலி வராது. கீழே போட்டா இடியும் வராது. அப்ப வாட்ச்மேன் கேட்டது என்ன?"

பதிலையும் மேஜரே சொன்னார்.

"செத்தவர் வாசிச்சதைத்தான் கேட்டார். ஆனா அன்னிக்கு வாசிச்சது இல்லை. ஏதோ ஒரு கச்சேரியோட கடைசிப் பகுதி, உதைச்சு இடி முழக்கி முடிக்கறது. கைதட்டலை மட்டும் வெட்டிட்டு, முன்னால கொஞ்ச நேரம் சத்தமில்லாம விட்டு, ஆம்ப்ல ஓட விட்டிருக்காங்க. எதிரொலி வரலைன்னு அவர் தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினாரே, அதுக்கு அப்புறம் அவர் யாரையும் கூப்பிடலை. கூப்பிட உயிர் இல்லை. அப்ப அவர் கூட இருந்தது ஒருத்தர்தான். போகும்போது வாட்ச்மேனை உள்ள போகாதேன்னு சொன்னதும் அவர்தான்."

மேனேஜர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், பழக்கப்பட்டது. கணக்கு டீச்சர் கதை எழுதலாமே என்றார். கிழட்டு வாட்ச்மேனின் காதை நம்பி ஒரு மனுஷன் மேல் பழி போடுவதா, ரெக்கார்டரில் பதிவு செய்வது என் தொழில், அதை ஆம்ப்பில் ஓட்ட எனக்கு என்ன தெரியும், ஒயர்கூட என்னிடம் கிடையாது என்றார்.

"ஏன் கிடையாது?" என்றார் கரண்டு.

எல்லோரும் திரும்பினோம். கரண்டு மூக்கு விடைக்க நின்றார். கொலையைப் பற்றி அவருக்குக் கோபம் இல்லை. தான் செய்த ஒயரை ஒருவன் இல்லை என்கிறானே என்பதுதான் கோபம்.

"இந்தக் கையால பண்ணேனே! ஒரு முனை அந்தக் குட்டி ரெக்கார்டருக்கு, ஒரு முனை ஆம்ப்புக்குப் போற தடிப் பின். என்ன, ரெக்கார்டருக்குள்ள சத்தம் போகவான்னு கேட்டேன். இல்லை, வெளிய வரத்தான்னு சொன்னியா இல்லையா? ரெக்கார்டர்லேர்ந்து வர்ற சத்தம் உரக்கக் கேக்குமான்னும் கேட்டே. தெருவுக்கே கேக்கும்னேன். கிட்டார்காரர் சாகறதுக்கு முந்தின வாரம்."

"வாட்ச்மேன் முதல்ல ஃபோன் போட்டது இவருக்குத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நாங்க போய்ச் சேரும்போது இவர் ஏற்கெனவே ஹாலுக்குள்ள இருந்தாரு. ரெக்கார்டரையும் ஒயரையும் எடுத்துக்க அது போதும்."

மேனேஜர் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். வழக்கம்போல வாசல் பக்கம் ஒதுங்கியிருந்த என் கால் ஒன்று படியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒடிக்காமல் மிச்சம் வைத்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் தெருவில் விழுந்ததும், இன்ஸ்பெக்டர் முழங்காலை அவர் முதுகில் ஊன்றிக்கொண்டு ரெக்கார்டரின் நாடாவைக் கழற்றினார். அந்த மூஞ்சி இத்தனை நாள் துக்கம் விசாரிப்பு என்ற பெயரில் வீட்டுக்கு வந்து அக்கா கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனது. அது தெருவில் கிடப்பதை அவள் நின்று பார்த்தாள். காறித் துப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் கஷ்டம். கோர்ட்டுக்கு நேரமாகிறது, பழைய சீட்டை ரத்து செய்து புதிதாக எழுதிக் கொடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். பெட்டி வந்தபோது வேலை செய்யவில்லை என்று கரண்டு எழுத வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். என் கடைப் பேப்பரில் அந்த வார்த்தையை நான் எழுதியதே இல்லை என்றார். எழுதியபிறகு யார் என்னிடம் சாமான் கொண்டுவருவார்கள் என்றார். மேஜர் அவருக்கு எதிரில் போய் நின்று, எழுது என்றார். நீங்க போய் நீ ஆகிவிட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்கிற அந்தக் குரலுக்குக் கரண்டு கட்டுப்பட்டார். எழுதி முடித்ததும் பேனாவைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, இனிமேல் என் கடைக்குள் யாராவது கால் வைத்தால் என்று ஆரம்பித்தார். மீதி எங்களுக்கு மனப்பாடம்.

ஜீப்பில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் அக்காவிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசினார். வீட்டில் இருக்கிற ஜோடிச் செருப்பும் சாட்சிக்கு வேண்டும், இப்போதே எடுத்துக் கொடுத்தால் நல்லது என்றார்.

"இப்பத் தரமாட்டேன்," என்றாள் அவள்.

"ஏம்மா?"

"என் தம்பி வீட்டுக்கு வரட்டும். அதாலேயே அவனுக்கு நாலு போட்டுட்டு அப்புறம் தர்றேன்."

சொல்லிவிட்டு, புருஷன் செத்த அன்றுகூட அழாத அவள், தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் சரி என்றார்.